பிறவிகள் அவர்களுக்கு, காத்திருப்பு இவர்களுக்கு

மராத்தியிலும் கன்னடத்திலும் நாவலுக்குப் பெயர் ‘காதம்பரி’. 7ஆம் நூற்றாண்டில், ஹர்ஷரின் அரசவையில் இருந்த பாணபட்டர் எழுதிய சமஸ்கிருதக் காதல் கதையிலிருந்து வந்த பெயர் அது. அவர் முடிக்காமலே இறந்தார். முடித்து வைத்தவர் மகன்.

கதை சொல்வது ஒரு கிளி. வர்ணனைகள் பக்கம் பக்கமாக நீளும். அவசரக்காரர்கள் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடலாம். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

அச்சோத ஏரிக்கரையில் தவக்கோலத்தில் இருக்கிறாள் மகாசுவேதை. விரகத்தில் உயிர்விட்ட முனிகுமாரன் புண்டரீகனோடு மறுபடி சேர்வாள் என்பது அவளுக்குக் கிடைத்த தெய்வ வாக்கு. அவன் வரவும் செய்கிறான், வைசம்பாயனன் என்ற பெயரில், வேறு உடலில். ஏனென்று தெரியாமலே அவளிடம் இழுக்கப்படுகிறான். அவளுக்கோ அடையாளம் தெரியவில்லை. தொல்லை தாங்காமல் கிளியாகப் பிறக்கச் சபித்துவிடுகிறாள். யாருக்காகக் காத்திருந்தாளோ, அவனையே! படிப்பவருக்குப் பகீரென்கிறது.

‘மதுமதி’ (1958) போன்ற இந்திப் படங்களில் ஒரு பழைய மாளிகையைப் பார்த்தாலே போன ஜென்மம் நினைவுக்கு வந்துவிடும். இங்கே காதலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. காதலர்கள் நால்வரில் பிறவி மாறுவது ஆண்கள் இருவரும்தான். நண்பனின் கதி கேட்டு இறக்கும் உஜ்ஜயினி இளவரசன் சந்திராபீடன், சூத்ரக மன்னனாகப் பிறந்து அரசாள்கிறான். அவனுடைய வாடாத பழைய உடலைப் பேணியபடி காதம்பரி அதே பிறவியில், அதே கரையில் உட்கார்ந்திருக்கிறாள். வசந்தம் வந்து, அவள் அந்த உடலைத் தழுவும்போதுதான் அவன் கண் திறக்கிறான்.