அச்சம் சேர்த்து வைக்கும் தோட்டாக்கள்



நம் மறைமாவட்டங்களிலிருந்து சென்ற குருக்கள் பலர் அமெரிக்கப் பங்குகளில் பணியாற்றி வருகிறார்கள். என்னோடு குருமடத்தில் படித்த நண்பர் ஒருவரும் அங்கே ஒரு கிராமப்புறப் பங்கில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது, "ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் நின்று இவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் தெரியுமா? எந்தக் கடைக்குத் தோட்டா வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறார்கள்" என்றார். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த நாடே அழுதிருந்தது. 2012 டிசம்பர் 14 வெள்ளிக்கிழமை காலை, கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் நகரில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்த 20 வயது இளைஞன், 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். குழந்தைகள் எல்லோரும் 6, 7 வயதுப் பிள்ளைகள். அவர்களுள் பலருக்கு அவ்வூரில் உள்ள லீமா நகர்ப் புனித ரோசா ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. அந்த வாரத்து ஞாயிறு, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நாம் மகிழ்ச்சி ஞாயிறு என்று கொண்டாடும் நாள்.

அதே டிசம்பர் மாதத்தில்தான், அதுவரை இல்லாத அளவுக்கு அந்நாட்டு மக்கள் துப்பாக்கி வாங்கக் கடைகளுக்குச் சென்றார்கள். துப்பாக்கியால் குழந்தைகள் இறந்த மாதம், துப்பாக்கி வியாபாரத்துக்கு மிகப் பெரிய மாதமாக அமைந்தது. இது எப்படி நடக்கிறது? இதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது? இன்று சற்றே சிந்திப்போம்.

எண்கள் சொல்லும் கதை

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரைப் பற்றி, அவர் குற்றவாளியா என்று உடனடியாகச் சோதிக்கும் ஏற்பாடு 1998 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எஃப்.பி.ஐ. நிறுவனம் இதை நடத்துகிறது. இச்சோதனைகளின் எண்ணிக்கையும் விற்பனையின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்றாலும், விற்பனை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இதைக்கொண்டு அறியலாம்.

2008 நவம்பரில் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாதம் இச்சோதனைகள் 15 இலட்சத்தைத் தாண்டின. சாண்டி ஹூக் துயரம் நடந்த 2012 டிசம்பரில் 27 இலட்சத்தைத் தாண்டின. 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தில் உலகமே அரிசிக்கும் மருந்துக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கே 37 இலட்சம் சோதனைகள் நடந்தன.

மாறாக, துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் டிரம்ப் 2016 நவம்பரில் வெற்றி பெற்றபின் விற்பனை சரிந்தது. 1816இல் தொடங்கப்பட்ட ரெமிங்டன் என்னும் புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதற்கு இருந்த பழைய கடன் சுமையோடு இந்தச் சரிவும் சேர்ந்துகொண்டது. திருடர்கள் கூடினார்களா குறைந்தார்களா என்பதைவிட, சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சமே இந்த வியாபாரத்தைப் பலமுறை ஏற்றி இறக்கியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

ஏன் தோட்டா?

துப்பாக்கி ஒருமுறை வாங்கினால் தலைமுறைகளுக்கு இருக்கும். தோட்டா சுடச்சுடத் தீர்ந்துபோகும். தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். எனவே துப்பாக்கியைத் தடுக்க முடியாத அரசு தோட்டாவைத் தடுக்கும், அல்லது அதன்மேல் பெரிய வரி போடும் என்ற பேச்சு எளிதில் பரவுகிறது. மேலும் நாடு முழுவதற்குமான சட்டப்படி, தோட்டா வாங்குவோரின் விவரங்களைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டு விதி 1986இல் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் வயது வந்த எவரும் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்லலாம்.

தோட்டாவின் அமைப்பும் பதுக்கலுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி உண்டாக்கும் சிறிய மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக்குண்டு என நான்கு பகுதிகள். ஈரமும் வெப்பமும் படாமல் வைத்தால் பல பத்து ஆண்டுகள் கெடாது.

2009இலும் 2013இலும் நடந்ததைப் பாருங்கள். சட்டம் வரும் என்று சிலர் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கினார்கள். கடை அலமாரிகள் காலியாயின. காலி அலமாரியைக் கண்ட அடுத்தவர், "சொன்னது உண்மைதான்" என்று எண்ணி, கிடைத்த இடத்தில் கிடைத்ததையெல்லாம் வாங்கினார். விலை ஏறியது. விலை ஏறியதே அரசின் சதிக்குச் சான்று என்று மூன்றாமவர் பேசினார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிகள்தான் என்று 2013இல் வால்மார்ட் கடைகள் கட்டுப்பாடு விதித்தன. முயல், அணில் வேட்டைக்கும் சிறுவர் பயிற்சிக்கும் பயன்படும் 22 காலிபர் என்னும் மலிவான தோட்டாவே ஆண்டுக்கணக்கில் கிடைக்காமல் போயிற்று. காவல்துறையினருக்குக்கூடச் சில ஊர்களில் பயிற்சிக்குத் தட்டுப்பாடு. தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. ஆனால் இந்த வேகம் நாளை தணிந்துவிடும் என்று அறிந்த முதலாளிகள், புதிய இயந்திரங்களில் பெரும் பணம் போடத் தயங்கினார்கள்.

இதற்கிடையே ஒரு வதந்தி. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடித் தோட்டாக்களை வாங்கிக் குவிக்கிறது, பொதுமக்களுக்குக் கிடைக்காமல் செய்வதே அதன் நோக்கம் என்று பலரும் நம்பினார்கள். நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் இதை ஆராய்ந்து 2014இல் அறிக்கை தந்தது. 2009க்குப் பிறகு அத்துறை வாங்கிய தோட்டாக்கள் குறைந்தே வந்திருந்தன. அலமாரியைக் காலி செய்தது அரசு அல்ல. ஒருவரை ஒருவர் பார்த்து அஞ்சிய மக்களே.

அவர்கள் அச்சம் வெறும் கற்பனையா?

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். தொலைவில் இருந்துகொண்டு அவர்களை எள்ளி நகையாடுவது எளிது. அந்நாட்டு அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதரின் உரிமையே என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையம் பல மைல் தொலைவில் இருக்கும் பண்ணை வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி ஒரு துணை. தந்தையோடு வேட்டைக்குப் போன நினைவு பலருக்குப் புனிதமானது. நியாயமான தற்காப்பு ஒவ்வொருவரின் உரிமை என்று நம் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது.

சட்டங்களும் வராமல் இல்லை. 1994இல் சில வகைத் தாக்குதல் துப்பாக்கிகளும், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களும் புதிதாகத் தயாரித்து விற்பது தடை செய்யப்பட்டது. அச்சட்டம் 2004இல் காலாவதியானது. சாண்டி ஹூக்கிற்குப் பிறகு நியூயார்க், கனெக்டிகட், கொலராடோ முதலிய மாநிலங்கள் கட்டுப்பாடுகளைக் கூட்டின.

ஆனால் நாடு முழுவதற்கும் என்ன நடந்தது? 2013 ஏப்ரல் 17 அன்று, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா செனட் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 54. மசோதா விழுந்தது. 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி ஊரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகே, ஏறக்குறைய 30 ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு முக்கியச் சட்டம் அந்த ஜூன் மாதம் நிறைவேறியது. அதுவும் 21 வயதுக்கு உட்பட்டவர்களைக் கூடுதலாகச் சோதிக்கவும், ஆபத்தானவர்களை முன்கூட்டியே கண்டறிய மாநிலங்களுக்கு உதவவும் வந்த சட்டம். யாருடைய வீட்டுத் தோட்டாவையும் அது பறிக்கவில்லை.

அஞ்சிய சட்டம் பெரும்பாலும் வரவில்லை. அச்சத்தில் வாங்கியவையோ வீட்டிலேயே தங்கிவிட்டன.

அச்சத்தின் விலை

இதில் என் மனத்தை மிகவும் வருத்திய செய்தி ஒன்று உண்டு. வெல்லெஸ்லி கல்லூரியின் பொருளாதார அறிஞர்களான பிலிப் லெவின், ராபின் மெக்நைட் ஆகியோர் 2017 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாண்டி ஹூக்கை அடுத்த மாதங்களில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமார் 30 இலட்சம் துப்பாக்கிகள் விற்றன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். புதியவை வீட்டுக்கு வந்தன. பரணில் கிடந்த பழையவையும் கீழே இறங்கின. அந்நாட்களில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து இறந்தவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 60 பேர். அவர்களில் ஏறத்தாழ 20 பேர் குழந்தைகள்.

பள்ளியில் இறந்த குழந்தைகள் 20 பேர். அந்தச் சாவுக்குப் பின் எழுந்த அச்சத்தால், வீட்டுக்குள்ளேயே கூடுதலாக இறந்த குழந்தைகளும் ஏறத்தாழ 20 பேர். இவர்களைக் கொன்றவன் எந்தக் கொடியவனும் அல்லன். பாதுகாப்புக்கென்று அப்பா வாங்கி வைத்ததே இவர்கள் உயிரைக் குடித்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வாசலில் வரப்போகும் பகைவனுக்காக வைத்த ஆயுதம், வீட்டுக்குள் மனமுடைந்து கிடக்கும் மகனின் கைக்கே முதலில் எட்டுகிறது.

மன்னாவும் தோட்டாவும்

பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும்படி மோசே சொன்னார். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று அஞ்சிய சிலர் எடுத்து வைத்தார்கள். விடிந்தபோது அதில் புழு வைத்து நாறியது என்று விடுதலைப் பயண நூல் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் புழு ஒருவகையில் இறைவனின் இரக்கம். அவர்கள் அச்சம் எவ்வளவு பயனற்றது என்பதை மறுநாளே காட்டிவிட்டது. தோட்டாவில் புழு வைப்பதில்லை. ஆகவே "போதும்" என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

ஆயுதக் குவிப்பு அமைதியை உறுதி செய்வதில்லை, போருக்கான காரணங்களை வளர்க்கவே கூடும் என்று நாடுகளைக் குறித்து நம் மறைக்கல்வி எச்சரிக்கிறது. வீடுகளுக்கும் இது பொருந்தும் என்றே நான் எண்ணுகிறேன். அமெரிக்க ஆயர்கள் தற்காப்பு உரிமையை மறுக்கவில்லை. துப்பாக்கி வாங்கும் அனைவருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும், பெரிய மேகசின்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே கேட்டு வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் நகரின் மங்கள வார்த்தை ஆலயத்தில், பள்ளிப் பிள்ளைகள் திருப்பலியில் இருந்தபோதே சன்னல் வழியாகச் சுடப்பட்டு, 8 வயதும் 10 வயதுமான இரு குழந்தைகள் இறந்தார்கள். இனி இதை வேறு யாருடைய துன்பமோ என்று நாம் தள்ளி வைக்க இயலாது.

நமக்கு

நம் பங்குகளில் அமெரிக்காவில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாத தெரு அரிது. அவர்களோடு பேசும்போது ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகுமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியைப் பூட்ட வேண்டும். தோட்டாவை வேறிடத்தில் தனியே பூட்ட வேண்டும். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை இது.

என் நண்பர் ஒருமுறை தம் பங்கில் ஒரு முதியவரின் வீட்டை மந்திரிக்கச் சென்றார். நல்ல மனிதர், ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர். நிலவறையில் தோட்டாப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நண்பர் கண்டிக்கவில்லை. "எத்தனை இருந்தால் உங்களுக்குப் போதும்?" என்று மட்டும் கேட்டார். முதியவர் நெடுநேரம் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியவில்லை, ஃபாதர்" என்றார். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகள் வருமுன் அந்த நிலவறைக் கதவுக்கு அவர் ஒரு பூட்டு வாங்கி மாட்டினாராம்.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. நம் வீட்டில் தோட்டா இல்லாமல் இருக்கலாம். நாளைய அச்சத்துக்காக நாம் எதை அடுக்கி வைக்கிறோம்? அது நம்மைக் காக்கிறதா, அல்லது நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறதா? சிந்திப்போம். நியூடவுன், யுவால்டி, மினியாபொலிஸ் குழந்தைகளையும், பெயர் தெரியாமல் வீடுகளுக்குள் இறந்த குழந்தைகளையும் நம் செபங்களில் நினைவுகூர்வோம். இறைவன் நம் அச்சங்களை அகற்றி, அமைதியில் நம்மை நடத்துவாராக.