டம்ளர் கணக்கும் டிகாஷன் கணக்கும்

"ஒரு நாளைக்கு எத்தனை காபி அருந்துகிறீர்கள்?" இரத்த அழுத்தம், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வருவோரிடம் கேட்கப்படும் கேள்வி இது. "இரண்டே டம்ளர்தான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடையில் பொய் இல்லை. ஆனால் அளவும் இல்லை. ஒரு வீட்டு டம்ளர் 80 மி.லி. கொள்ளும்; மற்றொரு வீட்டு டம்ளர் 200 மி.லி. கொள்ளும். ஒருவர் பாலின் நிறம் மாறுமளவுக்கு மட்டும் டிகாஷன் விடுவார். இன்னொருவர் பாதிக்குப் பாதி கலப்பார். எனவே நான்கு டம்ளர் அருந்துபவரைவிட இரண்டு டம்ளர் அருந்துபவருக்குக் காஃபீன் மிகுதியாகச் சேர்வதும் உண்டு. இது தெரியாவிட்டால், காபியால் வந்த படபடப்புக்கு வேறு காரணங்களைத் தேட நேரிடும்.

காபியை விட்டுவிடுங்கள் என்று கூற நாங்கள் இதை எழுதவில்லை. உங்கள் வீட்டுக் காபியின் அளவை நீங்களே அறிந்துகொள்ளும் வழியைக் கூறுவதே எங்கள் நோக்கம்.

நிறமும் கசப்பும் அளவுகோல் அல்ல

கறுத்துக் கெட்டியாக இறங்கும் டிகாஷனை 'ஸ்ட்ராங்' என்கிறோம். அந்தக் கருமையிலும் கெட்டித் தன்மையிலும் சிக்கரிக்குப் பெரும் பங்குண்டு. சிக்கரி என்பது ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபீன் கிடையாது. காபி–சிக்கரிக் கலவைத் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதும், இரண்டின் விழுக்காட்டையும் பொட்டலத்தின் மீது குறிப்பிட வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. எனவே பொட்டலத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்து நோக்க வேண்டியது கொட்டையின் வகை. அராபிகா கொட்டையின் எடையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு, ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 விழுக்காடு. 'பீபரி' என்பது பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டையைக் குறிக்கும் பெயரே. அது காஃபீன் அளவைக் காட்டாது. தூளை அரைத்துத் தரும் கடையில், அராபிகா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள்.

வீட்டிலேயே கணக்கிடும் முறை

வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் குறையில்லை. 200 கிராம் பொட்டலம் 10 நாட்களில் தீர்ந்தால், நாளொன்றுக்கு 20 கிராம் தூள் செலவாகிறது. அந்தத் தூள் 70 பங்கு காபியும் 30 பங்கு சிக்கரியும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் காபி 14 கிராம். முழுவதும் அராபிகாவாக இருந்தால் காஃபீன் ஏறத்தாழ 170 மில்லிகிராம்; முழுவதும் ரோபஸ்டாவாக இருந்தால் ஏறத்தாழ 310 மில்லிகிராம். சிறிதளவு காஃபீன் தூளிலேயே தங்கிவிடும் என்பதால் இவற்றை உச்ச அளவாகக் கொள்ளலாம்.

இந்த 20 கிராம் தூளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் இட்டு, தட்டை மெதுவாக அமர்த்தி, கொதித்த நீர் 150 மி.லி. விட்டு மூடி வையுங்கள். தூள் உறிஞ்சியது போகச் சுமார் 100 மி.லி. டிகாஷன் இறங்கும். மருந்துப் புட்டியுடன் வரும் அளவு மூடியால், ஒரு டம்ளருக்கு எத்தனை மி.லி. டிகாஷன் விடுகிறீர்கள் என்று ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள். 25 மி.லி. விட்டால், அந்த டம்ளரில் உள்ள காஃபீன், அராபிகா எனில் ஏறத்தாழ 40 மில்லிகிராம். ரோபஸ்டா எனில் 80-ஐ நெருங்கும். 50 மி.லி. விட்டால் அது இரட்டிப்பாகும். ஃபில்டரில் மறுபடி நீர் விட்டு இறக்கும் இரண்டாம் டிகாஷனில் காஃபீன் குறைவு. மாலைக் காபிக்கு அது பொருத்தமானது.

எவ்வளவு போதும்?

நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பொதுவாகத் தீங்கற்றது எனக் கருதப்படுகிறது. கருவுற்ற தாய்மார்களுக்கு வரம்பு 200 மில்லிகிராம். மேற்கண்ட ரோபஸ்டா டிகாஷனை 50 மி.லி. வீதம் இரண்டு டம்ளர் அருந்தினாலே கருவுற்றவருக்கான வரம்பு கடந்துவிடும். அராபிகாவாக இருந்தால், அதே இரண்டு டம்ளர் வரம்புக்குள் அடங்கும். தேநீர், கோலா பானங்கள், சாக்லேட் ஆகியவற்றில் உள்ள காஃபீனும் இந்தக் கணக்கில் சேரும். இதயத் துடிப்புக் கோளாறு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், கல்லீரல் நோய் உடையவர்கள் தங்கள் வரம்பை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

சிறுநீரக நோயாலோ இதயச் செயலிழப்பாலோ நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் டிகாஷனை மட்டுமன்றி, பாலும் நீரும் சேர்ந்த முழு டம்ளரையும் அன்றைய நீரளவில் சேர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். டம்ளருக்கு இரண்டு வீதம் மூன்று வேளை அருந்தினால் 30 கிராம் சர்க்கரை சேர்கிறது.

நேரமும் ஓர் அளவே

உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. கருவுற்ற காலத்தின் கடைசி மாதங்களில் அது இன்னும் பல மணி நேரம் நீளும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகளும் காஃபீன் நீங்குவதைத் தாமதப்படுத்தும். எனவே புதிய மருந்து எழுதப்படும்போது காபிப் பழக்கத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீருடன் உட்கொண்டு, குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியுடன் சேர்த்து உட்கொண்டால், சத்து உடலில் சேர்வது குறையும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி வேண்டாம். வெறும் வயிற்றில் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு முன் பால் சேர்க்காத காபியும் கூடாது.

நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு சொல். விழித்திருப்பதற்காக நள்ளிரவில் அருந்தும் காபி, விடியற்காலையில் மற்றொருவர் வந்து உங்களை உறங்க அனுப்பும்போதும் உடலில் இருக்கும். மாற்று ஆள் வரும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே கடைசிக் காபியை முடித்துக்கொள்வது நலம். களைத்த உடலுக்கு உறக்கத்தின் இடத்தைக் காபி நிரப்பாது.

குறைப்பதானால் படிப்படியாக

நாள்தோறும் அருந்தியவர் திடீரென நிறுத்தினால் அடுத்த நாளே தலைவலி, சோர்வு, எரிச்சல் தோன்றலாம். அறுவை சிகிச்சைக்காக உணவு நிறுத்தப்பட்டவருக்கு வரும் தலைவலிக்கும் சில நேரம் இதுவே காரணம். எனவே டம்ளருக்கு 50 மி.லி. டிகாஷன் விடுபவர் சில நாட்களுக்கு 40, பின்னர் 30 எனக் குறைத்து வரலாம். டம்ளரின் எண்ணிக்கையை மாற்றவே வேண்டாம். காலையில் கையில் ஏந்தும் அதே டபரா டம்ளரும் நுரையும் மணமும் அப்படியே இருக்கும்.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது ஒரு சிறு தாளில் நான்கு விவரங்களை எழுதி எடுத்து வாருங்கள்: தூளின் வகையும் சிக்கரி விழுக்காடும், டம்ளருக்கு எத்தனை மி.லி. டிகாஷன், நாளொன்றுக்கு எத்தனை டம்ளர், கடைசிக் காபி எத்தனை மணிக்கு. மருந்துச் சீட்டுடன் அதையும் சேர்த்துக் காட்டினால், உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவர் சரியாகக் கூற முடியும்.