மூன்றேகால் நட்சத்திரம்

2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் வரக் கூடாது என்பது கோரிக்கை. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் சார்ந்தது என்று சொல்லி, அப்படியொரு பொதுத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களைச் சுட்டிக்காட்டி, யூடியூப் சேனல்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து வேண்டுகோள் வந்திருந்தது. விமர்சனம் படத்தைக் கொன்றுவிடும் என்பது ஒரு கட்சி. நல்ல படத்தை யாராலும் கொல்ல முடியாது என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் சத்தத்துக்குக் குறைவில்லை, அளவுக்குத்தான் பஞ்சம். ஒரு விமர்சனம் ஒரு டிக்கெட்டையோ ஒரு தோசையையோ எவ்வளவு கூடுதலாக விற்கிறது, எவ்வளவு குறைக்கிறது? இது பொருளியலாளர்கள் முப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி. அவர்கள் கண்ட விடை இரண்டு கட்சிக்கும் இனிக்காது.

கேள்வி பார்ப்பதற்குத்தான் எளிது. நல்ல விமர்சனம் வாங்கிய படங்கள் அதிகம் வசூலிக்கின்றன என்று கணக்குக் காட்டினால் எதுவும் நிரூபணமாகிவிடாது. படம் நன்றாக இருந்தது. அதனால் விமர்சகர் பாராட்டினார், அதனாலேயே கூட்டமும் வந்தது. விமர்சகர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்தக் கூட்டம் வந்திருக்கலாம். எலியாஷ்பெர்க், ஷூகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் இந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்கினார்கள். விமர்சனத்துக்கு ஆளை இழுக்கும் சக்தி இருந்தால் அது முதல் வாரத்தில்தானே அதிகம் தெரிய வேண்டும்? அமெரிக்கப் படங்களில் அவர்கள் கண்டது நேர்மாறு: தொடக்க வார வசூலோடு விமர்சனங்கள் ஒட்டவில்லை, பிந்தைய வாரங்களின் வசூலோடும் மொத்த வசூலோடும்தான் ஒட்டின. மக்களுக்கு என்ன பிடிக்கப்போகிறது என்பதை விமர்சகர் முன்கூட்டிச் சொல்கிறாரே தவிர, பிடிக்க வைக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். பின்னால் வந்த ஆய்வுகள் இதோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. முதல் வாரத்தில் மோசமான விமர்சனம், நல்ல விமர்சனம் உதவுவதைவிட அதிகம் உதைக்கிறது என்று 2003-இல் வேறொரு குழு கண்டது. ஆனால் எல்லாருக்கும் ஒரே முட்டுக்கட்டை: தரத்தையும் விமர்சனத்தையும் தனித்தனியே பிரிப்பது எப்படி? ஒரே படத்துக்கு இங்கே நல்ல விமர்சனம், அங்கே கெட்ட விமர்சனம் என்று பரிசோதனை செய்ய எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார்.

இங்கேதான் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகாவுக்கு ஓர் அழகான இடுக்கு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் உணவகங்களுக்கு வாடிக்கையாளர்கள் மதிப்பெண் போடும் யெல்ப் தளம், அவற்றின் சராசரியை அப்படியே காட்டவில்லை. பக்கத்தில் இருக்கும் அரை நட்சத்திரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது. சராசரி 3.24 என்றால் கண்ணுக்குத் தெரிவது 3 நட்சத்திரம். 3.25 என்றால் தெரிவது மூன்றரை. இரண்டு கடைக்கும் இடையில் சுவையில், சுத்தத்தில், பரிமாறுபவரின் முகத்தில் வித்தியாசம் ஏதும் கிடையாது. நூற்றில் ஒரு பங்கு எண் வித்தியாசம், அவ்வளவே. ஆனால் தளத்தில் கடையின் பெயரோடு தெரியும் அடையாளத்தில் அரை நட்சத்திரம் வித்தியாசம். தரத்தைத் தொடாமல் அடையாளத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் பரிசோதனையை ஒரு சாதாரணக் கணக்குவழக்கு விதி தானாகவே நடத்திக்கொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களை ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி.

பத்தாம் வகுப்பில் 34 மதிப்பெண் வாங்கியவனையும் 35 வாங்கியவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே டியூஷன், தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரே முக்கிய வினாக்களை உருப்போட்டவர்கள். ‘பொருத்துக’வில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கோடு சரியாக விழுந்தது. அவன் வீட்டில் லட்டு, இவன் வீட்டில் அடி. பத்து ஆண்டு கழித்து இருவர் சம்பளத்திலும் வித்தியாசம் இருந்தால், அது மூளையின் வித்தியாசம் அல்ல, ‘பாஸ்’ என்ற முத்திரையின் விலை. இதையே 34-க்கும் 95-க்கும் இடையில் செய்தால் முத்திரை எது, மூளை எது என்று பிரிக்க முடியாது. பார்டரில் நிற்பவர்களிடம்தான் முடியும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 34 வாங்கியவனின் அப்பா பிடிவாதக்காரராக இருந்து, மறுகூட்டலுக்கு எழுதிப்போட்டு ஒரு மதிப்பெண்ணைக் கறந்துவிட்டால்? அப்போது 35-இல் நிற்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள் மட்டுமல்ல, பிடிவாதக்கார அப்பாக்களின் பிள்ளைகளும் கலந்தவர்கள், ஒப்பீடு கெட்டுப்போகும். அதனால் 34-இல் ஆளே இல்லாமல் 35-இல் மட்டும் கூட்டம் முட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உணவகத்தின் மறுகூட்டல், மச்சானை விட்டுப் போடச் சொல்லும் ஐந்து நட்சத்திரம். கோட்டைத் தாண்டிய இடத்தில் அப்படிச் சந்தேகத்துக்குரிய குவியல் இருக்கிறதா என்று லூகாவும் சோதித்தார். இல்லை என்று கண்ட பிறகே மேலே போனார்.

சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை வாஷிங்டன் மாநில வரித்துறைக் கணக்கிலிருந்து எடுத்து அவர் 2011-இல் சொன்ன விடை: ஒரு முழு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. மெல்லிய லாபத்தில் ஓடும் தொழிலில் இது சிறிய தொகை அல்ல. வாழ்வா சாவா என்று முழங்குமளவு பெரியதும் அல்ல. இந்த எண்ணைவிட முக்கியம் அதற்குள் ஒளிந்திருக்கும் பிரிவினை. ஏற்றம் முழுவதும் தனிக் கடைகளில்தான். ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகையோடு நிற்கும் சங்கிலி உணவகங்களில் நட்சத்திரத்தின் வேலை எடுபடவில்லை. அங்கே என்ன கிடைக்கும், எப்படி இருக்கும் என்பது வருபவருக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகச் சொல்ல நட்சத்திரத்திடம் ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இதே இடுக்கைப் பயன்படுத்திய ஆண்டர்சன், மக்ரூடர் இருவரும், அரை நட்சத்திரம் கூடினால் மாலை நேர மேசைகள் முழுதும் நிரம்பும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் உயர்வதாக 2012-இல் கண்டார்கள். அங்கும் அதே பிரிவினை: கடையைப் பற்றி வேறு வழியில் தகவல் கிடைப்பது அரிதாக இருந்தால் தாக்கம் அதிகம்.

உணவகம் வேறு, சினிமா வேறு என்ற ஆட்சேபம் நியாயமானது. தோசைக்கு டிரெய்லர் கிடையாது, ரசிகர் மன்றமும் கிடையாது. ஆனால் சினிமாவிலும் ஓர் இடுக்கு கிடைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் இருவரும் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தீர்ப்புச் சொல்லிவந்தார்கள். சில படங்களுக்கு அந்தத் தீர்ப்பு முதல் வார இறுதிக்கு முன்பே வந்தது, சிலவற்றுக்குப் பிறகு வந்தது. வசூல் முடிந்த பின் வந்த கட்டைவிரல் அந்த வசூலைத் தொட்டிருக்க முடியாதல்லவா? முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் ஒப்பிட்ட ரைன்ஸ்டைன், ஸ்னைடர் ஆய்வு (2005) தரத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தது. விமர்சனத்தின் தாக்கம் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. எங்கே தங்கி நின்றது என்பதுதான் விஷயம்: சில தியேட்டர்களில் மட்டும் வெளியான படங்களிலும், ஆர்ப்பாட்டமில்லாத உணர்ச்சிக் கதைகளிலும் நல்ல விமர்சனத்துக்குப் பெரிய இழுவிசை இருந்தது. புத்தகச் சந்தையிலும் கதை இதுவே. நியூயார்க் டைம்ஸ் விமர்சனங்களை வைத்து ஜோனா பெர்கர் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், திட்டி எழுதிய விமர்சனம் புகழ்பெற்ற எழுத்தாளரின் விற்பனையை 15 சதவீதம் குறைத்தது; பெயர் தெரியாத எழுத்தாளரின் விற்பனையை 45 சதவீதம் கூட்டியது. திட்டு மறந்துபோகும், பெயர் மனதில் தங்கும். தெரியாதவனுக்கு வசவும் ஒரு விளம்பரம்.

பெரிய நட்சத்திரப் படத்துக்கு விமர்சனத்தால் சேதமே இல்லை என்று இதிலிருந்து தாவிவிடக் கூடாது. தயாரிப்பாளர்களுக்குச் சாதகமான ஆதாரமும் இருக்கிறது. ஹாலிவுட்டில் சில படங்களை வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் காட்டாமலே இறக்குவார்கள். பிரவுன், கேமரர், லொவல்லோ மூவரும் 1,303 படங்களை ஆராய்ந்து, அப்படி ஒளித்து வைத்து இறக்கிய படங்கள் 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக வசூலித்தன என்று 2012-இல் எழுதினார்கள். ஆக, மௌனத்துக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர் யார் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது: அப்படங்களைப் பார்த்த ரசிகர்களிடம் ஏமாற்றம் பதிவாகியிருந்தது. ஒளிக்கிறார்கள் என்றால் சரக்கு சுமார் என்று ஊகிக்க ஒரு பகுதியினர் தவறிவிடுகிறார்கள். அந்தத் தவறிலிருந்துதான் கூடுதல் வசூல் வந்தது. விமர்சனம் படத்திடமிருந்து பிடுங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வசூலைத்தான் என்றால், அதை நஷ்டக் கணக்கில் எழுதலாமா என்பது வேறு விவாதம்.

நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக வரலாறு இரண்டு வரி. மிஷலின் வழிகாட்டி 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் சூட்டத் தொடங்கியது. 1928-இல் நியூயார்க்கின் டெய்லி நியூஸ் படங்களுக்குச் சூட்டியது. 1995-இல் அமேசான் யார் வேண்டுமானாலும் சூட்டலாம் என்றது. நம் ஊரில் ஆனந்த விகடன் மதிப்பெண்ணே போட்டது; ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 இன்றும் பேசப்படுகிறது. இவற்றில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றுதான்: பெயர் தெரிந்த ஒருவரின் தீர்ப்பு, முகம் தெரியாத ஆயிரம் பேரின் சராசரியாகிவிட்டது.

அந்தச் சராசரியை ஆயிரம் பேரின் சுயேச்சையான வாக்கு என்று நம்புவதில்தான் அடுத்த பள்ளம். ஒருவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டே அடுத்தவர் போடுகிறார். 2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் அதிகமானோருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல் மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்றும் காட்டினார்கள். ஓர் உலகின் வெற்றிப் பாடல் இன்னொன்றில் கிடப்பில் கிடந்தது. மிக நல்லவை அபூர்வமாகத்தான் தோற்றன, மிக மோசமானவை அபூர்வமாகத்தான் ஜெயித்தன. இடைப்பட்ட பெரும்பான்மைக்கு எதுவும் நடக்கலாம். 2013-இல் மச்னிக், ஆரல், டெய்லர் குழு ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர் கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்குப் பிறந்த கையோடு ஒரே ஒரு பொய் ‘லைக்’ போட்டது. முடிவில் அவற்றின் சராசரி மதிப்பெண் 25 சதவீதம் ஏறியிருந்தது. ஆரம்பத்தில் போட்ட பொய் ‘டிஸ்லைக்’கைக் கூட்டம் திருத்திவிட்டது, பொய்ப் பாராட்டைத் திருத்தவில்லை. வன்மத்தைச் சந்தேகிக்கும் நாம் புகழ்ச்சியைச் சந்தேகிப்பதில்லை. திரையுலகம் அஞ்சுவது வன்மத்துக்கு, நுகர்வோர் அஞ்ச வேண்டியதோ புகழ்ச்சிக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விமர்சனம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று அறிவிக்கும் சந்தை ஆய்வுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். விமர்சனம் படித்தீர்களா என்று கேட்டால் கிடைப்பது பழக்கத்தின் கணக்கு; முடிவு மாறியதா என்பது வேறு கணக்கு. ஏற்கெனவே மனதுக்குள் வாங்கிவிட்ட செல்போனுக்கு ஆறுதல் தேடிப் படிப்பவர்களும் அந்தத் தொண்ணூறில் உண்டு. இந்தக் கணக்குகளைப் பரப்புபவர்களில் விமர்சன மேலாண்மை என்ற சேவையை விற்பவர்களும் உண்டு என்பதையும் கவனிக்கலாம். பொய் விமர்சனத்தைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது; நல்லதுதான். பணம் கட்டித் தங்கியவர் மட்டும் எழுதும் தளத்தையும் யாரும் எழுதும் தளத்தையும் ஒப்பிட்ட 2014 ஆய்வு ஒன்று, பக்கத்தில் போட்டி ஹோட்டல் இருந்தால் இரண்டாவது வகைத் தளத்தில் வசவு கூடுவதைக் காட்டியிருக்கிறது. எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது வீண் வேலை அல்ல.

ஆனால் சரிபார்க்க வேண்டிய ஆள் எழுதுபவர் மட்டும்தானா? 3.24 கடையையும் 3.25 கடையையும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வந்த விமர்சனங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. வாசகர் சிரத்தையாகப் படித்திருந்தால் இரண்டு கடையும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்திருப்பார், மேசைகள் ஒன்றுபோல நிரம்பியிருக்கும். அப்படி நிரம்பவில்லை. அதாவது அங்கே வேலை செய்தது யாருடைய கருத்தும் அல்ல. கருத்துகளைச் சுருக்கி ஒரு படமாக்கிய விதி. முதலில் எந்த விமர்சனம் தெரிய வேண்டும், பழைய மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை, எதைச் சந்தேகித்து ஒதுக்குவது, அரையாகக் காட்டுவதா, தசமத்தோடு காட்டுவதா என்று தீர்மானிப்பவர் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை, எந்தத் தோசையையும் தின்பதில்லை. விமர்சகரை மூன்று நாள் வாயடைக்கச் சட்டம் தேடுகிறோம். விதி வகுக்கும் இவரிடம் உங்கள் விதி என்ன, அதை வெளியே சொல்லுங்கள் என்று கேட்க ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை. அந்தக் கேள்வியை அதிகம் கேட்க வேண்டியவர்கள் பெரிய பெயரில்லாத சிறு படக்காரர்களும் தனிக் கடைக்காரர்களும்தான். ஏனென்றால் நட்சத்திரத்தின் அதிகாரம் பெரும்பாலும் அவர்கள் தலைமேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.