ஆதாரமற்ற மருத்துவக் கூற்றுகளும் அவற்றுக்கு நாம் கொடுத்த விலையும்

நோயும் மரண பயமும் மனிதனை ஆட்கொள்ளும்போது, நம்பிக்கையூட்டும் எவரது வார்த்தையையும் அவன் பற்றிக்கொள்ள முற்படுவது இயல்பானதே. ஆயினும் ஒரு கூற்று வைத்தியர் ஒருவரிடமிருந்தோ அமைச்சர் ஒருவரிடமிருந்தோ வெளிவந்தது என்பதனால் மாத்திரம் அது உண்மையாகிவிடுவதில்லை. கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாடு பெற்ற அனுபவங்கள் இதனை மிகுந்த வேதனையுடன் உணர்த்திச் சென்றுள்ளன.

2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளியம்மன் அருளால் தமக்குக் கிடைத்ததாகக் கூறி, தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைக் கொவிட் தொற்றுக்கு மருந்தென அறிவித்தார். சுகாதாரக் கட்டுப்பாடுகளையும் மீறி ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாகவே அருந்தினார். மறுமாதமே அவருக்குத் தொற்று உறுதிசெய்யப்பட்டு, வைத்தியசாலையில் சிகிச்சை பெற நேர்ந்தது.

இச்சம்பவத்தை எண்ணி நகைப்பது எளிது. ஆனால் அந்தப் பாணியை அருந்திக் குணமடைந்ததாகக் கூறியவர்கள் அனைவரும் பொய்யுரைத்தனர் எனக் கருதுவதற்கில்லை. கொவிட் தொற்றுக்கு உள்ளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த மருந்துமின்றியே குணமடைந்தனர். பாணி அருந்தியவரும் குணமடைந்தார், அருந்தாதவரும் குணமடைந்தார். எனவே ‘குடித்தேன், குணமடைந்தேன்’ என்பது ஓர் அனுபவமே அன்றி ஆதாரமாகாது. ஒரே தன்மையான இரு குழுவினரில் ஒரு குழுவினருக்கு மருந்தைக் கொடுத்தும் மறு குழுவினருக்குக் கொடாமலும் விட்டு, இரண்டினதும் விளைவுகளை ஒப்புநோக்கும்போதே உண்மை புலப்படும். யார் எக்குழுவில் சேர்வது என்பதும் ஆய்வாளரின் விருப்பப்படியன்றி, சீட்டுக் குலுக்கல் போன்று எழுமாறாகவே தீர்மானிக்கப்படல் வேண்டும். அன்றேல், தேறக்கூடியவர்கள் ஒரு பக்கத்திலும் தேறமாட்டாதவர்கள் மறுபக்கத்திலும் சேர்ந்துவிடலாம்.

இத்தகைய தவறு பாமரர்களுக்கு மாத்திரமே உரியதன்று. 2020 மார்ச்சில் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள், மலேரியாவுக்கு வழங்கப்பட்டு வந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கொவிட் தொற்றுக்குப் பயனளிப்பதாக அறிவித்தனர். அம்மருந்தைப் பெற்றோர் 26 பேர். ஒப்பீட்டுக்கெனக் கொள்ளப்பட்டோர் 16 பேர். குழுக்கள் எழுமாறாகப் பிரிக்கப்படவுமில்லை. அதைவிட முக்கியமானது யாதெனில், மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களுள் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தனர், ஒருவர் உயிரிழந்திருந்தார். தேறாதவர்களை நீக்கிவிட்டுத் தேறியவர்களை எண்ணினால் எந்த மருந்தும் அருமருந்தாகவே தோன்றும். எனினும் உலகத் தலைவர்கள் சிலர் அம்மருந்தைப் போற்றினர்.

பின்னர் பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் நடைபெற்ற ‘ரிக்கவரி’ ஆய்வில், 1561 நோயாளர்களுக்கு இம்மருந்தும் 3155 பேருக்கு வழமையான சிகிச்சையும் வழங்கப்பட்டன. 28 நாட்களுக்குள் மருந்து பெற்றோரில் 27 சதவீதத்தினரும் பெறாதோரில் 25 சதவீதத்தினரும் உயிரிழந்தனர். மருந்தினால் உயிர் காக்கும் பயன் எதுவும் இல்லையென்பது தெளிவாயிற்று. மார்செய் ஆய்வுக் கட்டுரையும் 2024 டிசம்பரில் மீளப் பெறப்பட்டது.

அதே ‘ரிக்கவரி’ ஆய்வுதான், மலிவான பழைய மருந்தாகிய டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசம் வழங்கப்பட்ட நோயாளர்களின் மரணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினால் குறைத்தமையையும் நிரூபித்தது. ஆகவே ஆதாரம் கேட்பது மருத்துவத்தை மறுப்பதாகாது. மெய்யான மருந்தை அடையாளம் காண்பதற்கான வழியும் அதுவே. பாரம்பரிய வைத்தியத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்ட து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றது, அம்மருந்து முறையான பரிசோதனைகளில் தேறியமையினாலேயே ஆகும்.

பலவீனமான ஆதாரம் ஒரு தனிமனிதரை ஏமாற்றுவது ஒரு புறமிருக்க, ஆதாரமே இல்லாத கூற்று அரசின் சட்டமாக மாறும்போது நேரும் கொடுமை மிகப் பெரிது. கொவிட் தொற்றினால் உயிரிழந்தோரை அடக்கம் செய்வதா, தகனம் செய்வதா என்ற விவகாரத்தில் இந்நாட்டில் நிகழ்ந்தது இதுவேயாகும். இரண்டில் எதனையும் மேற்கொள்ளலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 24ஆம் திகதியே வழிகாட்டியிருந்தது. ஆனால் அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடைந்து வைரஸ் பரவும் எனக் கூறி, ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது.

இக்கூற்றுக்கு ஆதரவாக எந்த ஆய்வும் முன்வைக்கப்படவில்லை. உயிருள்ள கலங்களுக்கு வெளியே வைரஸ் பெருக மாட்டாது. கொவிட் சுவாசத்தின் வழியே பரவும் நோயாகும். கொலரா போன்று குடிநீரால் பரவுவதன்று. அத்துடன், உயிருடன் இருந்த தொற்றாளர்களின் கழிவுகள் நாடெங்கும் மலசலகூடக் குழிகளில் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. அவை நிலத்தடி நீரைக் கெடுக்கும் என எவரும் அஞ்சவில்லை. ஆழமாகத் தோண்டிப் புதைக்கப்படும் ஜனாஸா மாத்திரமே ஆபத்தானதாகக் கருதப்பட்டது.

தொற்றின் ஆரம்ப நாட்களில் முன்னெச்சரிக்கை தேவைப்பட்டது என்று வாதிடலாம். ஆனால் முன்னெச்சரிக்கை என்பது புதிய தகவல்கள் கிடைக்கக் கிடைக்க மீளாய்வு செய்யப்பட வேண்டிய ஒன்று. இங்கோ, அடக்கம் செய்வதனால் தீங்கு நேராது என்பதைப் பாதிக்கப்பட்ட மக்களே நிரூபிக்க வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. தீங்கு உண்டெனக் கூறுபவரே அதனை நிரூபித்தல் வேண்டும் என்னும் அடிப்படை நியதி தலைகீழாக்கப்பட்டது. கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றமும் நிராகரித்தது. அதே மாதத்தில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் சிசு ஒன்று பெற்றோரின் சம்மதமின்றியே தகனம் செய்யப்பட்டது. தம் உறவுகளை நல்லடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவர்களும் இவ்விதியினால் பாதிக்கப்பட்டனர்.

இலங்கை மருத்துவச் சங்கம் உள்ளிட்ட துறைசார் அமைப்புகள் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனக் கூறிய பின்னரும், 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வரை தடை நீடித்தது. அனுமதி வழங்கப்பட்டபோதும் முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு ஆகும். ஆபத்தானதென அரசே ஓராண்டாகக் கூறிவந்த ஒன்று தம் மண்ணுக்குக் கொண்டுவரப்படுவதை அங்குள்ள தமிழ் மக்கள் எதிர்த்தனர். ஆதாரமற்ற ஒரு கூற்று, துயருற்ற இரு சமூகங்களை எதிரெதிரே நிறுத்தவும் போதுமானதாக இருந்தது. இறுதியில் ஓட்டமாவடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோருவதென அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. ஆனால் சாம்பலாகிப் போன உடல்களை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது.

இதற்கு முன்னரும் இத்தகைய கூற்றுகள் இங்கு தீ மூட்டியுள்ளன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவகம் ஒன்றின் உணவில் ‘மலட்டு மாத்திரை’ கலக்கப்பட்டதாகக் கிளப்பப்பட்ட வதந்தி வன்முறைக்கு வித்திட்டது. அது வெறும் மாக்கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வு கூறியது. அந்த அறிக்கை வருமுன் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன.

எனவே மருத்துவக் கூற்று எதனையும் எதிர்கொள்ளும்போது சில கேள்விகளை எழுப்பப் பழகுதல் வேண்டும். எத்தனை பேரிடம் பரிசோதிக்கப்பட்டது? யாருடன் ஒப்பிடப்பட்டது? கணக்கிலிருந்து விடுபட்டவர்கள் யார்? வேறொருவர் செய்து பார்த்தபோதும் அதே முடிவு கிடைத்ததா? இக்கூற்றினால் இலாபமடைபவர் யார்? கைத்தொலைபேசியில் வரும் செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன் வாசகர்களும், தலைப்பிடுமுன் ஊடகங்களும், வர்த்தமானியில் ஒப்பமிடுமுன் ஆட்சியாளர்களும் இக்கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேட்கப்படாத கேள்விகளுக்கான விலையைச் செலுத்துபவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையிலும் அதிகாரத்திலும் குறைந்தவர்களே என்பதை இந்நாட்டின் சிறுபான்மை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.