வேலியே பயிரை மேய்ந்தால்: தன்னெதிர்க் கலங்களும் மூட்டுவாத நோயும்

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எங்ஙனம் என்று நம் முன்னோர் வினவினர். வயலைக் குறித்தெழுந்த அவ்வினா மனித உடலுக்கும் பொருந்துவதாகும். நோய்க்கிருமிகளினின்று உடலைக் காத்தற்கென அமைந்த வெண்குருதிக் கலங்களுட் சில, தாம் காக்கவேண்டிய உடலையே பகையெனக் கொண்டு தாக்குவதுண்டு. இவற்றைத் தன்னெதிர்க் கலங்கள் என்பர். இவை மூட்டுக்களைத் தாக்குமிடத்துத் தோன்றும் நோய்களுள் தலையாயது முடக்குவாதம்.

முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் நோவும் முடக்குவாதமும் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் நடுவயதிலேயே தோன்றுவது. ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுவது. இரு கைகளினதும் சிறு மூட்டுக்கள் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விரல்கள் மடங்கா. காலம் தாழ்த்தின் கசியிழையமும் என்பும் அரிக்கப்பட்டுக் கை உருக்குலையும். புதுக்குடியிருப்புப் போன்று வயலிலும் கடலிலும் கையுழைப்பால் வாழ்வோர் நிறைந்த ஊர்களில், ஒருவர் கை முடங்கின் ஒரு குடும்பமே முடங்கும். ஆதலின் இந்நோயின் மூலத்தை ஆராய்தல் வெறும் ஏட்டறிவன்று.

காவற்கலங்களுள் முதன்மையானவை ரி-கலங்கள். அவை பயிற்சி பெறுமிடம் மார்பென்பின் பின்னே அமைந்த தைமசுச் சுரப்பியாகும். நெடுங்காலம் பயனற்றதெனக் கருதப்பட்ட அவ்வுறுப்பின் சிறப்பை, புதிதாய்ப் பிறந்த சுண்டெலிகளினின்று அதனை அகற்றி, 1961 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவியவர் சாக் மில்லர் என்னும் அறிஞர். அங்கு ஒவ்வொரு கலமும் உடலின் சொந்தப் புரதக் கூறுகளைக் கொண்டு சோதிக்கப்படுகின்றது. அவற்றைச் சிறிதும் உணராத கலம் பயனற்றதென மடிகின்றது. மிக வலிதாகப் பற்றும் கலம் தீங்கானதென அழிக்கப்படுகின்றது. மென்மையாக உணர்வதே தேறி வெளிவருகின்றது. ஆகவே நம்மெல்லோரது காவற்கலங்களிலும் சிறிதளவு தன்னுணர்வு உண்டு. நலத்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு அதன் உண்மை இன்மையிலன்று, அளவிலேயே தங்கியுள்ளது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியது சப்பான் நாட்டின் எஸ்.கே.ஜி. என்னும் சுண்டெலி வழியாகும். சிமோன் சகாகுச்சி என்பாரும் அவர்தம் குழுவினரும் இதனைப் பற்றி 2003 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். இச்சுண்டெலிகளின் விரல் மூட்டுக்கள் தாமே வீங்கின. பின்னர் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கின. முடக்குவாத நோயாளரின் குருதியிற் காணும் பிறபொருளெதிரிகளும் தோன்றின. காரணம் ஒரு பரம்பரையலகில் நேர்ந்த ஒரேயொரு விகாரம். சாப்-70 என்னும் நொதியத்தின் 163 ஆம் இடத்தில் திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் சிசுத்தீன் அமைந்திருந்தது.

சாப்-70 நொதியம் ரி-கலத்தின் வாங்கி பெற்ற செய்தியை உள்ளே கடத்துவது. அந்நொதியம் நலிவுற்றால் கலம் மந்தமாதல் வேண்டுமன்றோ? நோய் விளைவது யாங்ஙனம்? நிறையைக் குறைத்துக் காட்டும் தராசொன்றை எண்ணிப் பார்க்க. அதிலே பாரமான மூடை நடுத்தரமானதாய்த் தோன்றும். நடுத்தர மூடை ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். அவ்வாறே, அழிக்கப்படவேண்டிய வலிய தன்னெதிர்க் கலம் இச்சுண்டெலியின் தைமசுவில் மென்மையானதெனக் கணிக்கப்பட்டுத் தேறிவிடுகின்றது. நல்ல கலமோ உணர்ச்சியற்றதெனக் கழிக்கப்படுகின்றது.

வெளிவந்த இக்கலங்கள் உடலெங்குமுள்ள சொந்தப் புரதங்களை ஓயாது எதிர்கொள்கின்றன. அப்போது அவை அயலிலுள்ள பிற காவற்கலங்களைத் தூண்ட, அவை இன்ரலூக்கின்-6 என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதன் துணையால் தன்னெதிர்க் கலங்கள் இன்ரலூக்கின்-17 ஐச் சுரப்பனவாக மாறி மூட்டழற்சியை வளர்க்கின்றன. இவையே குற்றவாளிகள் என்பதற்குச் சான்று யாதெனின், நோயுற்ற சுண்டெலியின் துணை ரி-கலங்களை, ரி-கலங்களற்ற வேறொரு சுண்டெலிக்கு மாற்றியபோது நோயும் உடன் மாறியது. குருதித் தெளியத்தை மட்டும் மாற்றியபோது மாறவில்லை.

இனி, சிறப்பாகக் கருதற்பாலது ஒன்றுண்டு. அதே விகாரமுள்ள சுண்டெலிகளை நுண்ணுயிர்கள் கட்டுப்படுத்தப்பட்ட தூய சூழலில் வளர்த்தபோது அவற்றுக்கு மூட்டழற்சி தோன்றவில்லை. ஆயின் மதுவம் முதலிய பங்கசுக்களின் கலச்சுவரிலுள்ள பீற்றா குளுக்கனைச் செலுத்தியதும் நோய் வெளிப்பட்டது. இஃது 2005 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிறப்பு விதையை இடுகின்றது. சூழல் நீர் வார்க்கின்றது. இரண்டும் கூடினாலன்றி முளை எழாது.

அத்தன்னெதிர்க் கலங்கள் குறிவைக்கும் பொருள் மூட்டுக்கே உரியதொன்றாயிருக்கும் என எதிர்பார்ப்போம். ஆனால் 2014 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இலக்குகளுள் ஒன்று, எல்லாக் கலங்களிலும் உள்ள றைபோசோமின் புரதமாகும். முடக்குவாத நோயாளர் சிலரிடத்தும் அதற்கெதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது. எங்குமுள்ள பொருளைத் தாக்கும் படை மூட்டில் மட்டும் பெருஞ்சேதம் விளைப்பதேன் என்பது ஆராய்ச்சியாளர் முன் இன்றும் நிற்கும் வினாவாகும்.

சுண்டெலி மனிதனன்று. மனித முடக்குவாதம் இவ்வொரு விகாரத்தால் வருவதன்று. பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாக அதற்கு இடந்தருகின்றன. எனினும் நெறி ஒன்றே. மனிதரிடத்துப் புகைபிடித்தல் இந்நோயைத் தூண்டுவதென நன்கு நிறுவப்பட்டுள்ளது. இன்ரலூக்கின்-6 இன் செயலைத் தடுக்கும் தொசிலிசுமாப் என்னும் மருந்து 2008 ஆம் ஆண்டு முதல் சப்பானில் முடக்குவாதத்துக்கு வழங்கப்படுகின்றது. அம்மருந்து இச்சுண்டெலியிற் பிறந்ததன்றாயினும், அது பயன்தருவதன் காரணத்தை இச்சுண்டெலி விளக்குகின்றது. தைமசுவின் சோதனையைத் தப்பிய கலங்களை வெளியே அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்களை 1995 ஆம் ஆண்டில் இனங்காட்டியவரும் சகாகுச்சியே. அத்துறைப் பணிக்காக மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்போருடன் 2025 ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மேயும் வேலியை முற்றாகப் பிடுங்கி எறிதல் தீர்வாகாது. எறியின் கிருமிகள் புகும். அதனை அளவோடு நிறுத்துவதே இன்றைய மருத்துவத்தின் நோக்கம். நம்மவர் பலர் கைவீக்கத்தை வெறும் வாதமெனவும் ஊழ்வினையெனவும் கருதிப் பொறுத்திருந்து, என்பு அரிக்கப்பட்ட பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். குடும்பவழி வந்த இயல்பு மட்டுமே நோயாகாது என்பதையும், தொடக்கத்திலேயே சிகிச்சை பெறின் கையைக் காக்கலாம் என்பதையும் கற்றோர் தத்தம் இல்லத்தாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைப்பாராயின், ஒரு சிறு சுண்டெலியின் வாயிலாகப் பெற்ற அறிவு நம்மூர்க் கைகளுக்கும் பயன்படும்.