பயிற்சி விமானம் மேலே ஏற மாட்டேங்குதா? முதலில் ஆர்பிஎம் பாருங்கள்

கார்புரேட்டர் உள்ள பழைய செஸ்னா 172-இல் பறக்கப் பழகுகிறீர்களா? முழு த்ராட்டில் கொடுத்தும் மெதுவாகத்தான் ஏறுதா? உடனே இன்ஜினைக் குறை சொல்லாதீங்க. நம்ம ஊர் 32 டிகிரி வெயிலில், கடல் மட்டத்திலேயே காற்று சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல அடர்த்தி குறைந்துவிடும்.

இன்ஜின்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்றுநரோடு சேர்ந்து, பிரேக்கை அழுத்தி, முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். ஆர்பிஎம் கையேட்டில் உள்ள அளவில் இருந்தால், எடையையும் ஏறும் வேகத்தையும் சந்தேகப்படுங்கள்.

குறைவா இருக்கா? கார்புரேட்டர் ஹீட்டை மூட மறந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கில் அழுக்குப் படிந்திருக்கலாம். மீட்டரே தப்பாகவும் காட்டலாம், பழைய விமானம் அல்லவா! நம்ம ஈரக் காற்றில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டுவதும் உண்டு.

புறப்படும் ஓட்டத்திலேயே ஆர்பிஎம் குறைந்தால், ஓடுபாதை மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.