கணிப்பொறியில் தமிழ் கலைவது ஏன்?

அருள்மறையின் முதல் வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றிப் பேசுகின்றன என்பது நாம் அறிந்ததே. அவ்வெழுதுகோல் இன்று விசைப்பலகையாக வடிவம் மாறியுள்ளது. ஆயினும், எழுதியது வருந்தலைமுறைக்கு எட்ட வேண்டும் என்னும் கடமை மாறவில்லை. அக்கடமைக்கு இடையூறாக வரும் கணிப்பொறிச் சிக்கல்களையும் அவற்றுக்குரிய தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் தோற்றம்

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். தொடக்கத்தில் உரோமன் எழுத்துகளுக்கே எண்கள் வகுக்கப்பட்டன. எனவே, தமிழ் எழுத்துரு செய்தோர் உரோமன் எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை அமர்த்தினர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமர்த்தியதால் முறைகள் பலவாயின. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணிப்பொறி உள்ளே பதிவு செய்வது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளையே. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் மறைந்து அக்குறிகளே தோன்றும்.

ஆம்பூரிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர், தோல் பதனிடும் தொழிற்கூடமொன்றில் கணக்கராக இருந்து மறைந்த தம் பாட்டனார் எழுதிய நபிமொழி விளக்கக் கட்டுரைகளைக் கொண்டு வந்தார். தாளில் படி ஏதும் இல்லை. கோப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. குடும்பத்தார் அதனைப் பழுதென்று கருதி அழித்துவிட இருந்தனராம். எழுத்துரு பாமினி என்று கண்டறிந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் இட்டபோது, கட்டுரைகள் முழுமையாக வெளிப்பட்டன. இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களை மட்டும் அக்கருவி தமிழென எண்ணிச் சிதைத்திருந்தது. அவற்றைக் கையால் திருத்தினோம்.

ஒருமைப்பாட்டு முயற்சிகள்

இக்குழப்பத்தைப் போக்க அறிஞர் பலர் உழைத்தனர். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகையும் 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளும் பிறந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் 'யூனிகோடு' முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. இம்முறையில் 'த' என்னும் எழுத்தின் எண் 2980. இவ்வெண் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. ஆகவே வேலூரில் எழுதியதை துபாயிலும் பிழையின்றிப் படிக்கலாம், தேடவும் செய்யலாம்.

அரபியும் தமிழும்

நம் பகுதியில் தமிழ், உருது, அரபி ஆகியன ஒரே தாளில் இடம்பெறுவது வழக்கம். தமிழ் இடமிருந்து வலமாகவும், ஏனைய இரண்டும் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன. ஒரே வரியில் இரண்டும் கலந்தால் அடைப்புக்குறிகளும் வசன எண்களும் இடம் மாறித் தோன்றக்கூடும். அரபி வசனத்தைத் தனிப் பத்தியாக்கி, அதன் திசையை வலமிருந்து இடமாக அமைத்துவிட்டால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளியிட்டு எழுத்துகள் படைத்த அரபுத்தமிழ் முன்னோர்க்கு இரு மொழியின் இணக்கம் புதிதன்று.

நாம் செய்யத்தக்கன

பழைய கோப்புகளை அழிக்காமல், அவற்றின் எழுத்துருவின் பெயரைக் குறித்து வைத்தல் வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். குறிப்பாக அருள்மறை வசனங்களிலும் நபிமொழிகளிலும் ஓரெழுத்துப் பிழையும் பொருளைக் கெடுக்கும். அச்சுக்குரிய பி.டி.எஃப். படி பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். ஆனால் பழைய எழுத்துருவில் அமைந்ததாயின் அதிலிருந்து தமிழைப் படியெடுக்க இயலாது. எனவே யூனிகோடு படியையும் உடன் வைத்தல் நலம். அதனையும் ஓரிடத்தில் மட்டுமன்றி ஈரிடத்தில் சேமித்தல் வேண்டும்.

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாக அளித்து வருகிறது. மாணவமணிகளே! உங்கள் இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் பழைய குறுந்தகடுகள் உறங்கிக் கிடக்கலாம். அவற்றைத் திறந்து பாருங்கள். முதியோர் எழுத்தைப் படிக்கத்தக்கதாக்கி அளிப்பதும் ஒரு நிலையான தர்மமே. அதற்கு இறைவன் அருள்புரிவானாக!